தேவாங்கு டாக்டரும் எட்டாம் நம்பர் டோக்கனும்

கிட்ட வந்து உட்காருங்க. இருமல் இருக்கிறவங்க இன்னும் கிட்ட வாங்க, இது உங்க கதைதான்.

ஒரு காட்டில் சுருளி என்று ஒரு முயல் இருந்தான். வாயில் எந்நேரமும் பீடி. புதருக்குள்ளே பதுங்கினால் போதும், நெஞ்சிலிருந்து லொக்கு லொக்கென்று கிளம்பிவிடும். அது வைரவன் என்கிற நரிக்குச் சாப்பாட்டு மணி. போன வாரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பாய்ந்து, சுருளியின் வாலில் பாதியைக் கடித்துக்கொண்டு போய்விட்டான்.

"அடுத்த தடவை வாலோட நிக்காது," என்றாள் சுருளியின் பெண்டாட்டி. "ஆலமரத்துப் பொந்துல ஒரு தேவாங்கு டாக்டரம்மா வந்திருக்காங்களாம். கண்ணாலயே மயக்கி, பீடியை மறக்கடிச்சிடுறாங்களாம். கிளம்பு."

போனால் அங்கே ஒரு வரிசை. பெயர், இனம், தினம் எத்தனை பீடி, தின்னும் பிராணியா, தின்னப்படும் பிராணியா என்று ஒரு ஃபாரம். நிரப்பிக் கொடுத்ததும் ஏழாம் நம்பர் டோக்கன். 'டோக்கன் வைத்திருப்பவரை இங்கே தின்னக் கூடாது' என்று பலகை வேறு. அப்பாடா என்று உட்கார்ந்தால், பக்கத்தில் எட்டாம் நம்பர் வைரவன்!

"என்ன மாப்ளே, வால் ஆறிடுச்சா?"

"நீங்க எங்கண்ணே இங்க?"

"பீடி குடிச்சுக் குடிச்சு மூக்கு செத்துப்போச்சுடா. உன் இருமலை நம்பித்தான் பொழப்பு ஓடுது. நீ விட்டுட்டா நான் என்ன பண்ண? அதான் நானும் விடப் போறேன். மூக்கு மட்டும் திரும்பட்டும், நீ பாறைக்கு அடியில படுத்தாலும் மோந்து எடுத்துருவேன்."

சுருளி கணக்குப் போட்டுப் பார்த்தான். தான் விடாவிட்டால் இருமல் காட்டிக்கொடுக்கும். நரி விட்டுவிட்டால் மூக்கு கண்டுபிடிக்கும்.

"ஏழு!"

பொந்துக்குள் கும்மிருட்டு. டாக்டர் மங்கையர்க்கரசியின் உருண்டைக் கண் இரண்டும் மட்டும் தெரிந்தன. "என்னையே பாருங்க. இமை கனக்குது... மூடுது... பீடின்னாலே குமட்டுது..."

முயல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற ஜாதி. டாக்டரம்மாவுக்கு அது தெரியாது. எப்போது மூடுவான் என்று பார்த்துப் பார்த்து, "கனக்குது... கனக்குது..." என்று சொன்னதையே சொன்னார். உச்சி வெயில் நேரம், தேவாங்கு தூங்குகிற நேரம். சொல்லச் சொல்ல அவருக்கே கனத்தது. நூற்றுப்பத்தாவது 'கனக்குது'வில் குறட்டை வந்துவிட்டது.

சுருளி எழுந்தான். டாக்டரம்மாவை அலுங்காமல் தூக்கி மூலையில் படுக்கவைத்து, இலையைப் போர்த்திவிட்டான். நாற்காலியில் ஏறி, கண்ணை உருட்டி, குரலை மெலிசாக்கி, "எட்டு!" என்றான்.

வைரவன் வந்தான். இருட்டில் இரண்டு கண்தான் தெரிந்தது. மூக்கோ செத்த மூக்கு.

"என்னையே பாருங்க. இமை கனக்குது..."

நரியின் இமை தொங்கியது. அந்த நேரம் பார்த்துச் சுருளியின் நெஞ்சில் இருமல் குறுகுறுத்தது. அடக்கினான், அடங்கவில்லை. லொக்கு! நரியின் காது விறைத்தது.

"பயப்படாதீங்க," என்றான் சுருளி. "உங்க பழைய பசிதான் அது. இருமிக்கிட்டே வெளியே போகுது."

"போகுது..." என்றான் வைரவன், அரைத் தூக்கத்தில்.

"இனிமே முயல்னாலே குமட்டுது."

"உவ்வே!"

"இருமல் கேட்டா பாயத் தோணாது. உட்கார்ந்து ஒரு பீடி பத்தவைக்கத் தோணும்."

"ரெண்டு தோணுது டாக்டர்!"

வைரவன் இரண்டு பீடியையும் ஒன்றாகப் பற்றவைத்துக்கொண்டு ஆடிக்கொண்டே வெளியே போனான். "என்னா டாக்டரம்மா! மனசு பஞ்சா பறக்குதுய்யா!" என்று அவன் சொன்னதைக் கேட்டு வரிசையே முண்டியடித்தது. எல்லாரையும் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து நின்றது ஒரு சிறுத்தை, வாயில் சுருட்டு.

சுருளி கண்ணை இன்னும் அகலமாக உருட்டி, "ஒன்பது! சுருட்டை அணைக்க வேண்டாம், அப்படியே உள்ளே வாங்க," என்றான்.

நீதி: பீடியை விடுவது உடம்புக்கு நல்லது. உங்களைத் தின்ன வருகிறவர் விடாமல் இருப்பது அதைவிட நல்லது.