வாய் திறந்த முதலை

இயற்கையை அதன் போக்கில் விட்டால் உருப்படாது என்னும் பேருண்மையை உலகுக்கு நிரூபித்த பெருமை, சதுப்புநிலக் காப்பகத்தின் அதிகாரியையே சாரும்.

அவர் பொறுப்பேற்றபோது அங்கே ஒரே ஒரு முதலை இருந்தது. அதற்கோ பொதுமக்கள் சேவையில் துளியும் நாட்டமில்லை. சீட்டு வாங்கிப் படகில் வருபவர்களுக்கு மூக்கு நுனியைக் காட்டிவிட்டு நாள் முழுக்கச் சேற்றில் கிடக்கும். "முதலையப் பாக்க வந்து கொசுக்கடி வாங்கினதுதான் மிச்சம்" என்று புகார்கள் குவிந்தன. அதிகாரி யோசித்தார். விளைவாக, கரைமேல் ஃபைபர் முதலை ஒன்று வந்து அமர்ந்தது. பளபளக்கும் பச்சை உடம்பு, எந்நேரமும் திறந்த வாய். லீவு கேட்காது. புகார்கள் நின்றன. அந்த ஆண்டின் கணக்கெடுப்பில் அதையும் சேர்த்து, "முதலை இனப்பெருக்கம் நூறு சதவீதம்" என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்.

மேலிடம் பூரித்தது. "சாதனை"யை நேரில் காண இயக்குநரே கிளம்பினார். அவர் திருப்திப்பட்டால் தலைமையகத்தில் பதவி நிச்சயம். அதிகாரியின் மனைவி அன்றே பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாள்.

"போன தடவ மாதிரி திரும்ப அவிழ்க்க வெச்சீங்க, எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று வழியனுப்பினாள்.

இயக்குநரையும் அதிகாரியையும் ஏற்றிய படகு கரையை நெருங்கியது. படகோட்டி அதிகாரியின் காதோடு சொன்னார்.

"சார், நம்ம பொம்மைக்குப் பக்கத்துல நெசமானதும் வந்து படுத்திருக்கு."

வராத விருந்தாளி வந்தேவிட்டது. உடம்பெல்லாம் சேறும் பாசியுமாக, வாயை மூடிக்கொண்டு வெயில் காய்ந்தது.

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஃபைபர் முதலையைப் பார்த்தார். "அடடா, என்ன கம்பீரம்! உயிர்த்துடிப்புன்னா இதுதான்யா!" பிறகு முகம் சுளித்தார். "பக்கத்துல எதுக்கு இந்த அழுக்குப் பொம்மை? ஜனங்கள ஏமாத்தவா?"

அதிகாரி மனசுக்குள் கணக்குப் போட்டார். அதுதான் நிஜம் என்று சொன்னால், அப்படியானால் இது என்ன என்ற கேள்வி வரும். முதலை அவரையே பார்த்தது. ஒரு நொடி அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் பாத்திர மூட்டை காத்திருந்தது.

"பழைய பொம்மை சார். எடுத்துடறோம்."

அந்த நேரம் பார்த்துப் "பொம்மை" கொட்டாவி விட்டது.

"வாய் வேற தொறக்குதே?"

"பேட்டரி சார்."

"தண்டச் செலவு! இன்னைக்கே தூக்குங்க."

"யாரு சார் தூக்கறது?" என்று கேட்ட படகோட்டியை இருவரும் கவனிக்கவில்லை.

அன்று மாலையே வலை, கயிறு, தடிகளோடு ஆட்கள் இறங்கினார்கள். முதலை வேலிக்கு வெளியே, ஊர்ச் சாக்கடை கலக்கும் கால்வாய்க்கு அப்புறப்படுத்தப்பட்டது. இரண்டு பேருக்குக் கையில் தையல். அதிகாரிக்குத் தலைமையகத்தில் நாற்காலி.

இப்போது எல்லாக் காப்பகங்களும் அவர் பொறுப்பில்தான். நாரை, ஆமை, நீர்நாய் எல்லாம் ஃபைபரில் வந்திறங்கிவிட்டன. பறவைகளின் குரலை ஒலிபெருக்கி பார்த்துக்கொள்கிறது. பாதுகாப்பு அவ்வளவு பலம்: உயிருள்ள எதுவும் உள்ளே தலைகாட்ட முடிவதில்லை.