நான் சாகவில்லை, நம் தெருவும் சாகவில்லை

பழைய சந்தைத் தெரு,
தக்கலை.

அன்புள்ள மைத்துனன் சிரஞ்சீவி ஹரிகுமாருக்கு, அத்தான் ஆறுமுகப்பெருமாள் எழுதிக்கொள்வது. வேளிமலை முருகன் அருளால் இங்கு நான் நலம். எல்லாரும் வழக்கமாக எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, நின்று இன்னொரு தடவை வாசி. நான் நலம். மூச்சு ஓடுகிறது, காலையில் இட்லியும் ரசவடையும் சாப்பிட்டேன், உன் அக்காள் மீனாட்சியிடம் வசவும் வாங்கினேன். அங்கே மஸ்கட்டில் நீயும் லட்சுமிப்ரியாவும் குழந்தை அஞ்சுவும் நலமாக இருக்கிறீர்களா?

முந்தாநாள் உனக்குப் போன் செய்து, "மக்கா, அத்தான் பேசுகேன்" என்றேன். நீ "யம்மோ!" என்று அலறி வைத்துவிட்டாய். மறுபடி அடித்தால், "செத்தவங்க குரல்ல பேசி ஆளை ஏமாத்துக கும்பலாலே நீங்க? போலீஸ்ல பிடிச்சுக் குடுத்திருவேன்" என்று மிரட்டி என் நம்பரையே பிளாக் செய்துவிட்டாய். அடுத்தவர் போனிலிருந்து அடித்தால் எடுக்கவே மாட்டேன் என்கிறாய். உன் அக்காளின் போனோ, அன்றைய களேபரத்தில் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து ரிப்பேருக்குப் போயிருக்கிறது. நாகர்கோவில் சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் ஒரே நாளில் தருவார்கள் என்றாள். நான் விடுவேனா? வியாபாரிகள் சங்கச் செயலாளர் வீட்டுப் போன் நம் தெரு மரியஜான் கடையில்தான் ரிப்பேர் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவனும் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அதனால்தான் இந்தக் கடிதம். குரலைக் கம்ப்யூட்டர் செய்யலாம், இவ்வளவு கோணல் எழுத்தை எந்தக் கம்ப்யூட்டராலும் எழுத முடியாது. மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் நம் லிஜி நாளைக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். போன மாதம் அந்த சூப்பர் மார்க்கெட் கம்பெனிக்காரன் உன் கட்டிடத்தை விலைக்குக் கேட்கிறான் என்று சொன்னாய். "வித்திராதே மக்கா" என்றதற்கு, "பாக்கலாம் அத்தான்" என்றாய். அந்தப் "பாக்கலாம்" என் தூக்கத்தைக் கொண்டுபோய்விட்டது. கீழே என் பாத்திரக்கடையும் மாடியில் எங்கள் வீடும் மட்டுமா போகும்? நடுத் தெருவில் இருக்கும் கட்டிடம் போனால் பக்கத்துக் கடைகளையும் அவன் ஒவ்வொன்றாக வளைத்துவிடுவான். கொரோனாவில் விழுந்த தெரு இன்னும் எழும்பவில்லை. கல்ஃப் பணம் குறைந்துவிட்டது, இருக்கிற பணத்துக்கும் ஜனங்கள் போனைத் தடவியே சாமான் வாங்குகிறார்கள். வியாபாரம் இல்லாததால்தான் நீ விற்க நினைக்கிறாய், வியாபாரம் வந்தால் விற்க மாட்டாய் என்று கணக்குப் போட்டேன். உடனே சங்கத்தைக் கூட்டித் தீர்மானம் கொண்டுவந்தேன். மாதம் ஒரு முறை ஒவ்வொரு வியாபாரியும் குலுக்கலில் ஒரு சீட்டு எடுக்க வேண்டும், எந்தக் கடை வருகிறதோ அந்தக் கடையில் வாங்கியே தீர வேண்டும். அதிலும் துண்டு துக்காணி வாங்கி ஏமாற்றக் கூடாது, அந்தக் கடையின் முக்கியச் சரக்கைத்தான் வாங்க வேண்டும் என்ற விதியையும் நான்தான் சேர்த்தேன். கைதட்டல் வானத்தைப் பிளந்தது. முதல் சீட்டைச் செயலாளரே எடுக்கட்டும் என்றார்கள். எடுத்துப் பிரித்தேன். ஞானதாசன் கடை.

ஞானதாசன் என்ன விற்கிறார் என்று உனக்குத் தெரியும். சவப்பெட்டி.

சங்கமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிப்ஸ் கடை அல்போன்ஸ் மட்டும் எழுந்து, "அண்ணாச்சி, வேற சீட்டு எடும். ஒங்க ஆளுவ எரிக்கத்தானே செய்வாவ?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நான் போட்ட விதியை நானே மீறினால் அடுத்த மாதம் யார் மதிப்பார்கள்? "எடுத்தது எடுத்ததுதான்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். ஞானதாசனுக்குப் பெருமை தாங்கவில்லை. "கர்த்தர் கிருபையால ஒமக்கு இப்போ அவசியமில்ல. ஆனாலும் ஒம்ம நீளத்துக்கு நல்ல அயினி மரத் தடியில ஒண்ணு கெடக்கு, படுத்துப் பாக்கேரா?" என்று உபசாரம் செய்தார். படுக்கவில்லை. என் பெயரில் பில் போடச் சொல்லிவிட்டு என் கடைக்கு வந்து கல்லாவில் சாய்ந்து, மீனாட்சியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அசந்து தூங்கிவிட்டேன்.

இங்கேதான் வினை. ஞானதாசன் கடையில் பெட்டி வாங்கினால் மைக் அறிவிப்பு இலவசம். பெட்டி டெம்போவில் ஏறியதும் பில்லிலிருக்கும் பெயரைப் பார்த்து அவர் கடைப் பையன் அனிஷ் ஆட்டோவில் மைக்கைக் கட்டிக் கிளம்பிவிடுவான். துக்க வீட்டுக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதால் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டான், அது அவன் தொழில் மரியாதை. அன்றைக்கும் அதே மரியாதையோடு, "பழைய சந்தைத் தெரு பாத்திரக்கடை உரிமையாளர் திரு. ஆறுமுகப்பெருமாள் அவர்கள் காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவித்துக்கொள்கிறோம்" என்று மேட்டுக்கடையில் ஆரம்பித்து குமாரகோவில் வழியாக வில்லுக்குறி வரைக்கும் போய்விட்டான். எவனோ அதைப் பதிவு செய்து வாட்ஸப்பில் போட, நாகர்கோவில் மருமகன் நிதின் அதை எல்லாக் குடும்பக் குரூப்பிலும் போட்டான். உனக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

டெம்போ வேறு ஊர்ச் சரக்கையெல்லாம் இறக்கிவிட்டுச் சாவகாசமாக வாசலில் வந்து நின்றபோது உன் அக்காள் தொட்டிப் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள், போன் தொட்டிக்குள் போயிற்று. "ஏட்டி, இது தெருவுக்காகடி" என்று நான் கடையிலிருந்து ஓடிவந்து விளக்குவதற்குள், பூதப்பாண்டியிலிருந்து பெரியப்பா ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கிவிட்டார். நான் வேனுக்கு நேர் எதிரே நிற்கிறேன். அவர் என்னை விலக்கிவிட்டு உள்ளே போகிறார், நான்தான் அந்தச் செத்தவன் என்று அவர் மனதுக்குப் படவேயில்லை. பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது என்ன பழக்கம்? நமக்கு வழக்கம் கெடயாதே! எரிக்கதா, பொதைக்கதா?" என்று கேட்க, பின்னால் வந்த சுசீந்திரம் சித்தி, "எரிக்கதுக்கு எதுக்கு மாமா இவ்வளவு நல்ல பெட்டி?" என்றாள். நான், "எதையும் செய்யாண்டாம், நான் இங்கதான் நிக்கேன்" என்றேன். சித்தி திரும்பிப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும் மக்கா! பஸ் பஸ்ஸாக ஆள் இறங்குகிறது. பாத்திரம் வாங்கியவர்கள், கடையில் பாத்திரச் சீட்டுக் கட்டியவர்கள், என்னோடு பள்ளிக்கூடம் படித்தவர்கள், மணவாளக்குறிச்சியிலிருந்து வியாகுலம்மாள் மீன் கூடையோடு. அழுதுகொண்டே வந்து, என்னைப் பார்த்ததும் திட்டினார்கள். திட்டி முடித்ததும் பசித்தது. துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் சாப்பிடக் கூடாது என்று ஒருவரும் வழியில் வாயில் தண்ணீர்கூட ஊற்றாமல் வந்திருக்கிறார்கள். அல்போன்ஸ் பழம்பொரி போட ஆரம்பித்தவர், தெருவில் உள்ள நேந்திரம்பழமெல்லாம் தீர்ந்து, பக்கத்துக் கடை எண்ணெயையும் கடன் வாங்கிப் பொரித்தார். சாப்பிட்டதும் பெரியப்பா, "லீவும் போட்டாச்சு. துஷ்டி இல்லேன்னா குளிக்கவும் வேண்டாம், கையோட பேத்தி கல்யாணத்துக்குச் சவுளி எடுத்திட்டுப் போயிரலாம்லா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். கூட்டம் அப்படியே துணிக்கடையில் ஏறிற்று. செருப்புக்கடையில் ஏறிற்று. மரியஜான் கடையில் சார்ஜர் வாங்கியது. சித்தி என்னிடம் ஒரு பெரிய உருளியைப் பேரம் பேசி, "செத்தவன்கிட்ட யாராவது பேரம் பேசுவாளா?" என்று நான் கேட்டதற்கு, "அதான் சாகலியே, கொறையும்" என்று குறைத்தே வாங்கினாள்.

மாலைகள் இருக்கிறதே! பூக்கடை ராகேல் வாசலில் ஒரு பூவிதழ்கூட மிச்சமில்லை. எல்லாரும் எனக்கென்று வாங்கிய மாலை. திரும்பக் கொண்டுபோக முடியுமா? என் கழுத்திலேயே போட்டார்கள். தேர்தலில் ஜெயித்தவன்போல நான் மூச்சுத் திணறி நிற்க, தெருப் பையன்கள் என்னைத் தோளில் தூக்கித் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கொண்டுபோனார்கள். மூடியே கிடந்த கடைகள்கூட ஷட்டரைத் தூக்கிவிட்டன. ஞானதாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, நான் பெட்டி வித்து எந்த வீட்டிலயும் இப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டதில்ல" என்றார். இந்தத் தெரு செத்துவிட்டது என்று சொன்னவர்களெல்லாம் வந்து பார்க்கட்டும். வந்தவர்கள் சும்மா போகவில்லை, "போன்ல வாங்குகதை விட இது கொள்ளாம், நாலு வார்த்த பேசலாம்" என்று சொல்லிப் போனார்கள். நேற்றும் வந்தார்கள், இன்றைக்கும் கடையில் ஆள் நிற்கிறது, இடையிடையே எழுந்து வியாபாரம் செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆகையால் ஹரி, நான் ஜெயித்துவிட்டேன். வியாபாரம் வந்துவிட்டது. கம்பெனிக்காரன் இனிக் கேட்டால் தலை நிமிர்ந்து இல்லை என்று சொல். உனக்கு ஆரோக்கியமும் லட்சுமிப்ரியாவுக்குத் தீர்க்க சுமங்கலித்துவமும் அஞ்சுவுக்கு நல்ல படிப்பும் வேளிமலையான் தர வேண்டும். உன் அக்காள் உங்களை விசாரித்ததாகச் சொன்னாள். என்னோடு இன்னும் பேசவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் அத்தான்,
ஆறுமுகப்பெருமாள்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மரியஜான் போனைக் கொண்டுவந்து தந்தான். கையில் வாங்கியதும் லட்சுமிப்ரியா அழைத்தாள். மீனாட்சி என் சங்கதியைச் சொன்னதும் அந்தப் பிள்ளை முதலில் சிரித்தது, பிறகு ஓவென்று அழுதுவிட்டது. நீ ஊருக்கு வர லீவு கிடைக்காமல், குடும்பக் குரூப்பையும் திறந்து பார்க்க மனமில்லாமல், சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாயாம். கம்பெனிக்காரன் எத்தனை தடவை கேட்டும், "எங்க அத்தான் இருக்கது வரைக்கும் அந்தக் கட்டிடத்தைத் தொடமாட்டேன்" என்று சொல்லியிருந்தாயாம். என்னிடம் மட்டும் ஏன் மக்கா "பாக்கலாம்" என்றாய்? நேற்று அவன் துக்கம் விசாரிக்கப் போன் செய்தபோது, "அத்தான் இல்லாத கடையைப் பாக்க எனக்குத் தைரியமில்ல" என்று சொல்லி விற்பதற்குச் சம்மதித்து ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டாயாம். எனக்காக நீ இவ்வளவு அழுவாய் என்று நான் நினைக்கவேயில்லை. அழுதவன் ஒரே ஒரு தடவை என் போனை எடுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா? பதிவு செய்ய நீ நேரில் வர வேண்டும் என்று லட்சுமிப்ரியா சொல்கிறாள், அதனால் இன்னும் முழுசாகப் போகவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் நேரே இங்கே வா. நீ வந்து என்னைத் தொட்டுப் பார்க்கும் வரைக்கும் நான் இந்தக் கல்லாவை விட்டு எழும்பப் போவதில்லை. ராத்திரியும் ஷட்டரை இறக்க மாட்டேன். உன் அக்காளும் நாற்காலியை எடுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.