குளிக்க மட்டும் விற்ற பால்

புட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'குளிப்பதற்கு மட்டும்'. காய்ச்சாத பாலைக் குடிக்க விற்றால் சட்டம் பிடிக்கும். அதனால் அந்த லேபிள். லிஸ்மோர் ஊருக்குப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அதை வாங்கிய கூட்டத்தில் ஒருவரும் குளிக்கவில்லை. கண்ணைச் சிமிட்டிவிட்டுக் குடித்தார்கள்.

பால் விற்கும் டோரியன், நூலில் கட்டிய பளிங்குக் கல்லைப் புட்டிக்கு மேலே பிடிப்பார். கல் சுற்றும். "பாலுக்கு உயிர் இருக்கு" என்பார். கடைப் பாலுக்கு மேலே பிடித்தால் அசையாது. வக்கீல், வாத்தியார், கம்ப்யூட்டர்காரர் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். படித்தவர்கள் இல்லையா, ஒழுங்காக வரிசையில் நின்று ஏமாந்தார்கள்.

வாராவாரம் அந்தப் பாலை வாங்கிக் குடிக்கும் டெஸ்ஸுக்கு ஏழாம் மாதம். காய்ச்சல் விடவில்லை. காலையிலிருந்து வயிற்றுப் பிள்ளையின் அசைவும் குறைந்திருந்தது. நேரே டோரியனிடம் வந்து நின்றாள்.

"நல்லதும்மா. உடம்புல இருக்கிற நஞ்சு வெளியேறுது. இன்னும் ஒரு டம்ளர் சேத்துக் குடி."

அவள் நீட்டிய கையை அக்கா ஜோஸ்லின் தட்டிவிட்டாள். ஜோஸ்லின் கால்நடை டாக்டர்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புடி."

"உனக்கு மாட்டு வைத்தியம்தான் தெரியும்க்கா. கல்லு பொய் சொல்லுமா?"

"சொல்லுதான்னு பாத்துடலாம். சொன்னா, கார்ல ஏறுவியா?"

டெஸ் தலையாட்டினாள். ஜோஸ்லின் காபி வண்டிக்குப் பின்னால் போய், ஐந்து கோப்பைப் பாலோடு திரும்பினாள்.

"எது உங்க பால், எது கடைப் பால்? கல்லையே கேட்டுச் சொல்லுங்க டோரியன்."

நான்கு கோப்பைகளின் மேல் கல் செத்துத் தொங்கியது. ஐந்தாவதில் கிறுகிறுவென்று சுற்றியது.

"இது ஒண்ணுதான் உயிர்ப்பால். மத்த நாலும் பிணம். மோந்து பாருங்க, நாறும்."

இரண்டு பேர் மோந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பக்தி என்றால் அதல்லவா பக்தி.

ஜோஸ்லின் பைக்குள்ளிருந்து காலிப் புட்டியை எடுத்து வைத்தாள். 'குளிப்பதற்கு மட்டும்'.

"அஞ்சும் உங்க பால்தான். காபிக்காரர் கண்ணு முன்னாடிதான் ஊத்தினேன்."

"ஆமாங்க, கோப்பையே என்னோடது" என்றார் காபிக்காரர்.

"இன்னிக்குக் காத்து சரியில்ல" என்றார் டோரியன். முதலில் சிரித்தவர் வக்கீல். டெஸ் சிரிக்கவில்லை. காரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள்: ரத்தத்தில் லிஸ்டீரியா, காய்ச்சாத பாலில் வரும் கிருமி. சொட்டுச் சொட்டாக மருந்து ஏறத் தொடங்கிய மறுநாள் பிள்ளை உதைத்தது. டெஸ் அப்போதுதான் அழுதாள்.

"எப்படிக்கா உள்ள வந்துச்சு?"

"குடல் செல்லு மேல ஒட்டிக்கிட்டு, வேண்டப்பட்டவன் மாதிரி நடிக்கும். செல்லே கதவத் திறந்து உள்ள விட்டுடும். அப்புறம் வெளிய தலைகாட்டாம, பக்கத்துச் செல்லு, அதுக்குப் பக்கத்துச் செல்லுன்னு முட்டிக்கிட்டே போகும். அப்படித்தான் பிள்ளை வரைக்கும் போகப் பாத்துச்சு."

டோரியன் இப்போது வேறொரு சந்தையில், ராத்திரி நிலா வெளிச்சத்தில் வைத்த 'நிலாத் தண்ணீர்' விற்கிறாராம். வரிசை நீளமாம். குடல் செல்லுக்கு மூளை கிடையாது, நடித்து வருகிறவனுக்கெல்லாம் திறந்துவிடுகிறது. வரிசையில் நிற்கிறவர்களுக்கு என்ன கேடு?