எடியாஸ் புல் கொண்டுவரப் போனது

இந்தத் தடவை வீட்டில் யார் தலைவன் என்பதை நிலைநாட்டிவிடுவது என்று எடியாஸ் படகை விட்டு இறங்கும்போதே முடிவு செய்துவிட்டான்.

மூன்று மாதம் வடக்குத் தீவுகளில் மீன்பிடி. ஈரக் கம்பளி, ஈரப் படுக்கை, ஈர ரொட்டி. ஆறு பேர் போன படகில் ஐந்து பேர் திரும்பியிருந்தார்கள். ஆறாவது ஆளான ஹில்பர்ட்டின் மரப்பெட்டி மட்டும் வந்திருந்தது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வருகிறவனுக்கு வீட்டில் ஒரு மரியாதை இருக்க வேண்டுமா இல்லையா? அடுப்போரம் நாற்காலி போட வேண்டும். காப்பி வர வேண்டும். "இனிமே என்ன செய்யலாம், நீயே சொல்லு" என்று பெண்டாட்டி வந்து நிற்க வேண்டும்.

நாற்காலி அடுப்போரம்தான் இருந்தது. அதில் ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருந்தது.

"அதை எழுப்பாதே," என்றாள் பெத்ரிக்கா. "குளிர்ல விறைச்சுப்போய்க் கிடந்தது. இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"உன் பெட்டி மேல உக்காரு. மூணு மாசமா அதுமேலதானே உக்காந்திருந்தே."

மூன்று வயது ரக்னா அம்மாவின் பாவாடைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். குச்சிக் கால், குச்சிக் கை, முகத்தில் கண் மட்டும்தான் பெரிசு.

"அம்மா, அந்த ஆளு எப்பப் போவாரு?"

"அவர் போக மாட்டார். உங்கப்பா."

ரக்னா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சாப்பிடுவாரா?" என்றாள்.

அந்த வருஷம் அதுதான் கேள்வி. நாள்காட்டியில் வசந்தம் வந்துவிட்டது. பனிக்கு நாள்காட்டி படிக்கத் தெரியாதே. ஏப்ரல் பாதி தாண்டியும் வயல்மேல் இடுப்பளவு கிடந்தது. பரணில் புல் தீர்ந்துகொண்டே வந்தது. பெத்ரிக்கா கடற்கரையில் பாசி பொறுக்கி, மீன் தலைகளோடு போட்டுப் பெரிய அண்டாவில் வேகவைத்து மாடுகளுக்கு ஊற்றினாள். மரக்கிளைகளை ஒடித்துப் போட்டாள். அதையும் தின்றுவிட்டு மாடுகள் அவள் முகத்தைப் பார்த்தன.

இரண்டே மாடு. ஒன்று கிடாரி. இன்னொன்று டாக்ரோஸ், பதினான்கு வயசுக் கிழம். அதற்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. தினமும் காலையில் வயிற்றுக்கடியில் பாய்மரத் துணியைக் கொடுத்து, உத்தரத்தில் கயிறு போட்டு, இரண்டு பேரும் இழுத்து நிற்க வைப்பார்கள். எலும்புக்கூட்டுக்குத் தோல் சட்டை போட்டுவிட்ட மாதிரி அது நிற்கும்.

"இது எதுக்குடி நமக்கு?" என்றான் எடியாஸ். "சாகப்போறது. தின்ன மட்டும் வாயைத் திறக்குது."

"வயித்துல கன்னு இருக்கு."

"எங்க இருக்கு? நான் கை வச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"நீ நெஞ்சுல கை வச்சுப் பாத்தே மனுஷா. மாட்டுக்கு வயிறு கொஞ்சம் தள்ளி இருக்கும்."

"இருந்தாலும்..."

"அஞ்சு வாரத்துல கன்னு போடும். பால் வரும்." அவள் கயிற்றைக் கட்டிக்கொண்டே குரல் தாழ்த்திச் சொன்னாள். "பிப்ரவரியிலேர்ந்து பிள்ளை பால் பாக்கல, எடியாஸ்."

அவன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். ரக்னாவுக்கு முன்னால் பிறந்த இரண்டும் சர்ச் மேட்டில் கிடந்தன. இரண்டும் வசந்தத்தில் போனவை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஹில்பர்ட்டின் பெட்டியைப் பற்றியும் பேச்சில்லை. அதை அவன் பெண்டாட்டியிடம் சேர்க்க வேண்டியது எடியாஸின் பொறுப்பு. முதல் நாள் தூக்கிக்கொண்டு வேலிவரை போனான். பூட்சுக்குள் பனி புகுந்துவிட்டது என்று திரும்பி வந்தான். இரண்டாம் நாள் பூட்சு காயவில்லை. மூன்றாம் நாள் பெத்ரிக்கா தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு, பெட்டியைச் சின்னச் சறுக்குப் பலகையில் வைத்துத் தானே இழுத்துப் போனாள். சாயங்காலம் கண் சிவந்து வந்தாள்.

அதற்குப் பிறகு எடியாஸ் பெரும்பாலும் லாயத்திலேயே இருந்தான்.

அங்கே பொர்க்கன் இருந்தது. மரப்பட்டை நிறத்தில் குட்டையான குதிரை. அந்தக் கரையில் மாடு பெண்களுடையது, குதிரை ஆண்களுடையது. ஆண் பிள்ளை பால் கறந்தால் மூன்று ஊர் சிரிக்கும். அதனால் வீடு, அடுப்பு, ஆடு, மாடு, பிள்ளை எல்லாம் பெத்ரிக்காவுடையதாக இருந்த அந்த இடத்தில் எடியாஸுக்கென்று இருந்தது ஒரு குதிரை. அது நாற்காலியில் படுப்பதில்லை. எப்போது போவாய் என்று கேட்பதில்லை. ஹில்பர்ட் எப்படி விழுந்தான் என்றும் கேட்பதில்லை. அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்கலாம்.

அதன் விலா எலும்பையும் எண்ணலாம். எண்ணினான். பொறுக்கவில்லை.

மறுநாளிலிருந்து மாட்டுப் பக்கத்துப் புல்லில் காலையில் ஒரு கை, மத்தியானம் ஒரு கை எடுத்துக் கம்பளிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு லாயத்துக்குப் போக ஆரம்பித்தான். இருபது வருஷம் கடலில் இருந்தவன், திருடும்போது மட்டும் கப்பல் மாதிரி ஆடி ஆடிப் போனான். மார்பு பாதிரியார் வீட்டம்மா அளவுக்குப் பெருத்திருந்தது.

நான்காம் நாள் சாப்பாட்டு மேசையில் பெத்ரிக்கா அவன் தாடியிலிருந்து ஒரு புல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கடல்ல இப்பல்லாம் புல்லு முளைக்குதா?"

"காத்துல பறந்து வந்திருக்கும்."

"வந்திருக்கும். நல்ல காத்து. தினமும் ரெண்டு வேளை அடிக்குது."

அதோடு விட்டாள். அவள் அதோடு விட்டதுதான் எடியாஸுக்குப் பயமாக இருந்தது. இப்படியே போனால் குதிரையா மாடா என்ற பேச்சு வந்தே தீரும். அதற்கு முன்னால் தலைவன் தலைவனாக நடந்துகொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் கொர்னேலியஸைப் பிடித்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய பண்ணைக்காரன். பரணில் இன்னும் புல் வைத்திருந்த ஒரே ஆள்.

"டாக்ரோஸைத் தர்றேன். வயித்துல கன்னு இருக்கு," என்றான் எடியாஸ். இல்லாத கன்று பேரத்துக்கு மட்டும் இருந்தது. "அஞ்சு நடைப் புல்லு குடு."

கொர்னேலியஸ் காதைச் சொறிந்தான். "மாடு விஷயம். உன் வீட்டுக்காரி சம்மதமா?"

"எங்க வீட்டுல நான் சொல்றதுதான்."

"அப்படியா," என்றான் கொர்னேலியஸ், உலகத்தில் இல்லாத ஊர் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டவன் மாதிரி.

ஏற்பாடு இதுதான். சனிக்கிழமை எடியாஸ் சறுக்கு வண்டியோடு போய் முதல் நடை ஏற்றி வருவான். திங்கட்கிழமை பெத்ரிக்கா அவள் அக்கா வீட்டுக்குப் போகும்போது கொர்னேலியஸின் ஆட்கள் வந்து மாட்டைக் கட்டித் தூக்கிப் போவார்கள். திரும்பி வந்து அவள் அழுவாள். அழட்டும். பரண் நிறைந்திருப்பதைப் பார்த்தால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். பிள்ளைக்குப் பால்? யாரிடமாவது கேட்டு வாங்கலாம். யாரிடம் என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தான்.

"கொர்னேலியஸ் கொஞ்சம் புல்லு தர்றேன்னான். நாளைக்குப் போய் ஏத்திக்கிட்டு வரேன்."

"கொர்னேலியஸா? பக்கத்து வீட்டு அடுப்புல எத்தனை உருளைக்கிழங்கு வேகுதுன்னு எண்றவனாச்சே. எதுக்குத் தர்றான்?"

"கடல்ல அவன் தம்பியை நான் கவனிச்சிக்கிட்டேன். அதுக்காக."

"ஓ," என்றாள் பெத்ரிக்கா. பின்னிக்கொண்டிருந்த காலுறையை ஒரு சுற்றுத் திருப்பினாள். "நல்ல மனசு. போய்ட்டு வா."

அவ்வளவுதான். சண்டை இல்லை, குறுக்குக் கேள்வி இல்லை. தலைவன் என்றால் இப்படித்தான் என்று எடியாஸ் நினைத்துக்கொண்டான். அதட்டவே தேவையில்லை.

சனிக்கிழமை காலையில் அவன் எழுந்தபோது அவள் லாயத்தில் இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. பொர்க்கனின் பிடரியைச் சீவிவிட்டிருந்தாள். கையில் கொஞ்சம் மாவு வைத்து நக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் கஞ்சி போட வைத்திருந்த மாவு.

"என்னடி இது அதிசயம்?"

"தூரம் போகுதில்ல," என்றாள். குதிரையின் மூக்கைத் தடவிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எடியாஸுக்கு நெஞ்சு இளகிவிட்டது. திங்கட்கிழமையை நினைத்து ஒரு கணம் குத்தியது. கடலுக்குப் போனாலும் ஒன்றரைக் கை அளவே கட்டிக் கொடுப்பவள், அன்றைக்கு இரண்டு ஆள் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.

"அகலமான தோள்வாரையும் எடுத்துக்கோ."

"அது எதுக்கு? அது ஆள் வண்டி இழுக்கறதுக்கு. குதிரைக்குத்தான் சேணம் இருக்கே."

"இருக்கட்டும். வழியில எது எப்ப அறும்னு யாருக்குத் தெரியும்."

மேட்டுக்கு அந்தப் பக்கம் கொர்னேலியஸ் வாசலிலேயே நின்றிருந்தான். வழக்கமாக ஜன்னல் வழியாகத்தான் ஆளை அளப்பான். அன்றைக்குத் தொப்பியைக் கழற்றினான். ஒரு வேலையாள் வந்து பொர்க்கனை மெதுவாகத் தட்டிக்கொடுத்து உள்ளே கூட்டிப்போனான். கொர்னேலியஸின் பெண்டாட்டி லோவிசா எடியாஸின் கையைப் பிடித்து மேசையில் உட்கார வைத்தாள். உருளைக்கிழங்கு, உப்பு மீன், ஒரு முட்டை அளவு வெண்ணெய்.

"சாப்பிடு எடியாஸ்," என்றாள். கண் கலங்கியிருந்தது. "மனசைத் தேத்திக்கோ."

ஹில்பர்ட்டைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தான் எடியாஸ். வீடு வந்த நாளிலிருந்து யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. இரண்டு கிழங்கு தட்டில் அப்படியே நின்றது.

"ஒரு நிமிஷம்தான்," என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டே. "பக்கத்துல நின்னான். திரும்பிப் பாத்தா இல்ல."

லோவிசா கொர்னேலியஸைப் பார்த்தாள். கொர்னேலியஸ் இருமினான்.

"இல்லப்பா, இங்கதான் இருக்கு. லாயத்துல. நல்லாத் தின்னுக்கிட்டு இருக்கு. நாங்க நல்லாப் பாத்துக்குவோம்."

"எதை?"

"பொர்க்கனை."

எடியாஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "பொர்க்கனை நீங்க எதுக்குப் பாத்துக்கணும்? பேச்சு மாட்டுக்குத்தானே. டாக்ரோஸுக்கு."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

"சொன்னா பாரு," என்றாள் லோவிசா மெதுவாக.

"யாரு சொன்னா? என்ன சொன்னா?"

"பெத்ரிக்காதான். வீட்டுக்காரி வாயால சொல்லாத மாட்டை என் தொழுவத்துல ஏத்த மாட்டேன்னு நான் இவருகிட்டச் சொல்லிட்டேன். ஆள் விட்டுக் கேட்டோம். புதன்கிழமை அவளே கால்ல பனிச்சறுக்குக் கட்டையைக் கட்டிக்கிட்டு மேடேறி வந்துட்டா. அவருக்குக் குதிரை உசிரு, அதைக் குடுக்கறேன்னு சொல்ல நாக்கு எழும்பல, அதான் மாடு மாடுன்னு சொல்லியிருக்காருன்னா."

"நான் மாட்டைத்தான் சொன்னேன்."

"வந்து உக்காந்தப்புறமும் மாடுன்னுதான் சொல்லுவாரு, துக்கத்துல பேசறாரு, கண்டுக்காதீங்கன்னும் சொன்னா."

"துக்கம் எல்லாம் இல்லை. எனக்குக் கோபம்."

"அதுவும் வரும்னு சொன்னா," என்றான் கொர்னேலியஸ். "அப்புறம், நீ அஞ்சு நடைக்குப் பேசினே. அவ பதினொண்ணு வாங்கிட்டா. மே மாசம் உழறதுக்கு ரெண்டு நாள் குதிரையும். பொம்பளையா அவ? எனக்கு ராத்திரி தூக்கமே வரல."

எடியாஸ் எழுந்து லாயத்துக்குப் போனான். பொர்க்கன் முழங்கால்வரை புல்லில் நின்றிருந்தது. பச்சை வாசனை இன்னும் போகாத புல். அது அவனைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. கழுத்தில் நெற்றியை வைத்தான். மென்று தின்னும் சத்தம் நெற்றிக்குள் கேட்டது. அவன் வீட்டில் இருந்திருந்தால் அது மே மாதத்தைப் பார்த்திருக்காது. அது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் மாட்டுப் புல்லைத் திருடினான்.

வெளியே சறுக்கு வண்டியில் ஒரு நடை ஏற்றியிருந்தார்கள்.

"மிச்சத்தை நாளன்னைக்கு நானே அனுப்பறேன்," என்றான் கொர்னேலியஸ். "குதிரைக்குத் தெம்பு வரணும். ஆனா இந்த ஒரு நடை இன்னைக்கே வேணுமாம், மாடு தாங்காதாம். நீ தோள்வார் கொண்டுவந்திருப்பேன்னு சொன்னா."

எடியாஸ் தோள்வாரைப் பார்த்தான். அகலமான வார்.

மேட்டில் ஏறும்போது கொர்னேலியஸின் ஆட்கள் இருவர் பின்னாலிருந்து தள்ளினார்கள். உச்சியில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். இறக்கத்தில் வண்டி அவனைத் துரத்தியது. சமதரையில் அவன் வண்டியை இழுத்தான். மேல்பனி காலை உள்வாங்கியது. பெத்ரிக்கா கட்டிக்கொடுத்த இரண்டாவது ஆள் சாப்பாட்டைப் பாதி வழியில் நின்று தின்றான். அது வண்டி இழுக்கப்போகிறவனுக்கு என்று அப்போதுதான் புரிந்தது.

இழுக்க இழுக்கப் பேச்சு தயாரானது. முதல் வார்த்தை "பெத்ரிக்கா". ரொம்ப மரியாதையாக, ரொம்பக் குளிர்ச்சியாக. இரண்டாவது, இந்த வீட்டில் தலைவன் ஒருவன் உண்டு. மூன்றாவது, என்னிடம் கேட்காமல் என் குதிரையை... அவளைக் கேட்காமல் அவள் மாட்டைப் பேசிய இடம் வந்தபோது கொஞ்சம் இடித்தது. அதை விட்டுவிட்டு நான்காவதுக்குப் போனான். வேலியைத் தொடும்போது ஏழு வாக்கியம் இருந்தது. வேர்வையில் முதுகு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

பெத்ரிக்கா தொழுவத்துக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இடுப்பில் ரக்னா. அவன் முகத்தை அவள் பார்த்தாள். அழுதிருந்தாளோ என்னவோ, மூக்கு சிவந்திருந்தது. பிறகு வண்டியைப் பார்த்தாள். ஒரு பிடி புல்லை உருவி முகர்ந்தாள். உள்ளே டாக்ரோஸ் கயிற்றில் தொங்கிக்கொண்டே கத்தியது.

"பெத்ரிக்கா," என்று ஆரம்பித்தான் எடியாஸ்.

அவள் கதவின் அகலத்தையும் சுமையின் அகலத்தையும் கண்ணால் அளந்தாள். அவன் தோள்வாரைப் பக்கத்தில் பிடித்து லேசாக இழுத்தாள்.

"பின்னால," என்றாள். "இன்னும் பின்னால. ம், நில்லு."

எடியாஸ் நின்றான்.