டீ நேரத்தில் மட்டும் வேலை செய்த பெட்டி

எங்கள் ஸ்டுடியோவுக்கு ஒரு சேமிப்புப் பெட்டி தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

பெரிய காஞ்சிபுரத்தில், தறிகள் நிறைந்த ஒரு தெருவில், பழைய வீடு ஒன்றின் முன்கட்டில் இருக்கிறது ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, பட்டுக்கடை விளம்பரம் எல்லாம் எடுப்போம். கருணா முதலாளி. எடிட்டிங் பார்ப்பது ஷபீனாவும் இன்னும் இரண்டு பேரும். நான் தலைப்பு எழுதுபவன், பிழை திருத்துபவன். 'நல்வாழ்த்துக்கள்' என்று வந்தால் 'நல்வாழ்த்துகள்' என்று மாற்றிவிட்டு, யாரும் கேட்காவிட்டாலும் காரணம் சொல்பவன்.

"சார், நீங்கதான் நெறைய படிக்கிறீங்க. நீங்களே ஒன்னு பாத்து சொல்லிடுங்க," என்றார் கருணா.

படிக்கிறவனிடம் இப்படிச் சொல்லக் கூடாது. படித்துவிடுவான்.

ஒரு மாதம் படித்தேன்.

அதுவரை எங்களிடம் இருந்தவை பதினான்கு தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகள். ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். 'புதுசு', 'புதுசு 2', 'ரொம்பப் புதுசு', 'தொடாதே'. 'தொடாதே'க்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. யாரும் தொட்டதில்லை.

எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி வைக்கலாமா என்று யோசித்தேன். எங்கள் இணைய வேகத்தில் ஒரு கல்யாணத்தை ஏற்றி முடிப்பதற்குள் அந்தத் தம்பதிக்குச் சீமந்த வீடியோ எடுக்க வேண்டியிருக்கும்.

கடைசியில் நான்கு டிஸ்க் உள்ள ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று எடிட்டர்களும் ஒரே நேரத்தில் அதிலிருந்தே வேலை பார்க்கலாம். நான்கில் ஒன்று செத்துப்போனால் மற்ற மூன்றும் சேர்ந்து அதன் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். கூட்டுக் குடும்பங்களில்கூட இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

விற்பனைக்காரர் சென்னையிலிருந்து போனில் கேட்டார். "உள்ள எதுவும் சுத்தாத மாடலும் இருக்குது சார். கொஞ்சம் ஆட்டம் அசைவு இருந்தாக்கூட தாங்கும். அது தரட்டுமா?"

"டிஸ்க்கை எதுக்குங்க நாங்க ஆட்டப்போறோம்?" என்றேன்.

அவர் சாதா மாடலின் விலையைச் சொன்னார். அதை என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் பதினொரு நிபந்தனைகள் எழுதினேன். வெயில் படக் கூடாது. ஒழுகக் கூடாது. எலி வரக் கூடாது. பட்டுப் பஞ்சு பறந்து உள்ளே போகக் கூடாது. பதினொன்றாவதற்கு அடிக்கோடு இட்டேன்: பெட்டி அசையவே கூடாது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரில் ஓர் அலமாரி இருந்தது. கொத்தனாரை வரவழைத்து, இரும்புப் பட்டை அடித்து, பெட்டியை அந்தச் சுவரோடு சுவராக முடுக்கிவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை அமாவாசை சார். நல்ல நாளு. அன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்," என்றார் கருணா.

"ஹார்ட் டிஸ்க்குக்கு அமாவாசையெல்லாம் தெரியாதுங்க," என்று சிரித்தேன்.

இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை சூடம் காட்டினோம். சுண்டல் கொடுத்தோம். பக்கத்து வீட்டு நெசவாளர் ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "நல்லா வரட்டும்பா," என்று வாழ்த்திவிட்டு, இரண்டாவது தொன்னை சுண்டலும் வாங்கிக்கொண்டு போனார்.

ஆறு மணி நேரம் சோதித்தோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூன்று கல்யாணங்களை ஓட்டினார்கள். ஒரு திக்கல் இல்லை!

வெற்றி தலைக்கேறிய நிலையில் ஓர் ஆணை பிறப்பித்தேன். இனி தனி டிஸ்க்கே கிடையாது. எல்லாவற்றையும் பெட்டிக்கு மாற்றிவிட்டு, பதினான்கையும் கேமரா கார்டுகளையும் அழித்துவிட வேண்டும்.

"ஒரு வாரம் பாத்துட்டு அழிக்கலாமே சார்?" என்றாள் ஷபீனா.

"ஷபீனா, நாலுல ஒன்னு செத்தாலும்..."

"தெரியும் சார். காலைலேர்ந்து நாலு வாட்டி சொல்லிட்டீங்க."

விடிய விடிய மாற்றி, அழித்தோம். 'தொடாதே'யையும் அழித்தோம். அதில் ஒன்றுமே இல்லை.

இப்போது, முந்தைய வாரம் மாகறல் கிராமத்தில் நாங்கள் எடுத்த கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்ணின் அப்பா விவசாயி, ஊரில் கட்சிக்காரரும்கூட. முகூர்த்தத்துக்குச் சரியாக ஐந்து நிமிடம் முன்னால் அவருடைய கட்சித் தலைவர் மண்டப வாசலில் வந்து இறங்கிவிட்டார். இவர் சால்வையோடு ஓடினார். "தலைவர் வர்றத ஒன்னு வுடாம எடுப்பா," என்று எங்கள் முதல் கேமராவையும் இழுத்துக்கொண்டு ஓடினார். திரும்பி மேடைக்கு வந்தபோது கெட்டிமேளம் முடிந்து, தாலி ஏறியிருந்தது. ஒரே பெண். கையில் இருந்த அட்சதையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை, அன்று உதவிக்குப் போயிருந்த நானே பார்த்தேன்.

தாலி கட்டியது இரண்டாவது கேமராவில் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கேமராவின் கார்டு அழிக்கப்பட்டுவிட்டது. ஆணையிட்டவன் யார் என்று சொல்லிவிட்டேன்.

"தம்பி, பாப்பா சனிக்கிழமை ஃப்ளைட்டு ஏறுது," என்று அவர் போன் செய்தார். "அதுக்குள்ள அந்தத் தாலி கட்டுற எடத்த மட்டுமாவது நான் பாத்துடணும்பா."

"கவலையே படாதீங்க. நாலு டிஸ்க்குல பத்திரமா இருக்கு," என்றேன்.

திங்கள் காலை பெட்டி திக்கத் தொடங்கியது.

ஒரு பட்டுக்கடை விளம்பரத்தில் மாடல் பெண் ஒரு கண்ணை மூடியபடி நின்றுவிட்டாள். கண்ணைத் திறக்க ஒரு நிமிடம் ஆயிற்று. மதியத்துக்குள் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் டிஸ்க் வெளியேறியது.

"பரவால்ல, நாலுல ஒன்னு..." என்று ஆரம்பித்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மின்சாரம்தான் காரணம் என்று முடிவு செய்து ஸ்டெபிலைசர் வாங்கி வந்தேன். திக்கல் நிற்கவில்லை. வெப்பம்தான் என்று டேபிள் ஃபேன் வைத்தேன். நிற்கவில்லை. ஃபேன் தூசியை உள்ளே தள்ளுகிறது என்று ஃபேனை எடுத்துவிட்டு, மெல்லிய துணி கட்டினேன். பெட்டி இன்னும் சூடாகியது. மறுபடி ஃபேன். செவ்வாய் மாலை இரண்டாவது டிஸ்க்கும் மஞ்சள் விளக்குக் காட்டியது. அதுவும் போனால் மாகறல் கல்யாணம் நடந்ததற்குச் சாட்சி பெண்ணின் அப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்ட அட்சதை மட்டும்தான்.

புதன்கிழமை ஷபீனா ஒரு தாளோடு வந்தாள். பெட்டி எப்போதெல்லாம் திக்கியது என்று மணி போட்டு எழுதியிருந்தாள்.

"சார், காலைல ஏழு மணிக்கு ஆரம்பிக்குது. பதினொன்னுக்கு கால் மணி நேரம் நல்லா ஓடுது. ஒன்னுலேர்ந்து ரெண்டு வரைக்கும் பிரமாதமா ஓடுது. நாலரைக்கு திரும்பவும் கால் மணி நேரம்."

"இதிலேர்ந்து என்ன தெரியுது?"

"நம்ம பெட்டி டீ குடிக்குது சார். மதியம் சாப்பிட்டுட்டு ஒரு தூக்கமும் போடுது."

அப்போது மணி நான்கே முக்கால். சுவருக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரம் டீ குடித்துவிட்டு வந்து தறியில் உட்கார்ந்தார்.

தடக். தடக். தடக்.

பெட்டி திக்கியது.

நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்தோம். ஷபீனா சுவரில் கை வைத்தாள். பிறகு என் கையையும் வைக்கச் சொன்னாள். பல்லில் உணரும் அளவுக்கு அதிர்ந்தது. பதினைந்து வருடமாக அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து பிழை திருத்துகிறேன். பதினொரு நிபந்தனையில் ஒன்றில்கூட அது இல்லை. இந்தத் தெருவில் தறிச்சத்தம் யார் காதிலும் விழாது. நின்றால்தான் விழும்.

ஏகாம்பரத்திடம் போனோம்.

"அண்ணே, உங்க தறி இந்தச் சுவத்துல இடிக்குதா?"

"தறிக் கட்டையே அதுலதான பதிச்சிருக்குது," என்றார். "இன்னா விஷயம்?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "என் தறி அடிச்சு ஒங்க மிஷினு நின்னு போச்சா!" உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார். "கேட்டியாடி? தறி ஆட்டம் கண்டுடுச்சுன்னு சொல்லிக்கினு இருந்தியே!"

"ஒரு நாள் மட்டும் நிறுத்த முடியுமாண்ணே? ஒரு கல்யாணம் உள்ள மாட்டிக்கிச்சு."

"இதுவும் கல்யாணப் பொடவதான் சார். வெள்ளிக்கிழமை குடுக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "அமாவாசை அன்னிக்கு வாங்களேன். அன்னிக்கு நெசவு கெடையாது, தெருவே தறிய நிறுத்திடும். போன ஞாயித்துக்கிழமைகூட நிறுத்தி வெச்சுக்கினுதான இருந்தேன். சுண்டல் குடுத்தீங்களே?"

ஷபீனா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அது அவளுடைய பெருந்தன்மை.

வருடத்தில் பன்னிரண்டு பதிமூன்று நாள் மட்டுமே அமைதியாக இருக்கும் ஒரு தெருவில், அந்த நாளாகப் பார்த்துச் சோதித்திருக்கிறேன்.

சென்னை விற்பனைக்காரரைக் கூப்பிட்டேன். "உடனே ஆஃப் பண்ணிட்டு, ஆடாத எடத்துக்கு எடுத்துக்கினு போங்க சார். எல்லாத்தையும் வேற டிஸ்க்குல காப்பி பண்ணுங்க. பதினாலு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ஒரு தட்டுகூட படக் கூடாது," என்றார். நான் அவரிடம் கேட்ட கேள்வியை அவர் நினைவூட்டவில்லை. நல்ல மனிதர்.

தறி இரவில் நிற்கும்; ஆனால் பதினான்கு மணி நேரம் நிற்காது. என் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? மாடியில் தறி. கருணா வீடு? எதிரில் தறிக்கு நீளநூல் இழுத்துப் பாவு ஓடுகிறார்கள், பக்கத்தில் இரண்டு தறி. ஷபீனா வீடு? பின்பக்கம் ஜரிகைப் பட்டறை.

வியாழன் காலை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். பையில் 'புதுசு', 'புதுசு 2' வகையறா. நான் தடை செய்தவைதான்.

"இன்னா சார், கைக்கொழந்தை மாதிரி புடிச்சுக்கினு இருக்கீங்க?" என்றார் ஓட்டுநர் கோபி.

"குலுக்காம ஓட்டுங்க. தறிச்சத்தம் இல்லாத எடமாப் போகணும்."

"காஞ்சிபுரத்துலயா?" வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஓரிக்கைல எங்க வூடு சார். சுத்தி வயலு. அங்க வேணா வெச்சுக்கோங்க."

வைத்தேன். மெத்தை மேல் வைத்தேன். காப்பி ஆகத் தொடங்கியது. நான் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தேன். கோபியின் மனைவி எட்டிப் பார்த்தார்.

"சார், மாவு அரைக்கணும். கிரைண்டர் போடலாமா?"

"வேணாம்மா."

"மிக்ஸி?"

"வேணாம்மா."

"துணி தொவைக்கலாமா?"

"கல்லுல அடிக்காம தொவைங்கம்மா."

"மூச்சு வுட்டுக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று அந்த வீட்டில் மூன்று வேளையும் உப்புமா. நானும் சாப்பிட்டேன். மறுக்கும் நிலையில் இல்லை.

ஒரு ஃபைல் விடாமல் வந்துவிட்டது!

வெள்ளிக்கிழமை மதியம் மாகறல்காரர் வந்தார். நாற்காலி போட்டோம். கருணா தன் கையால் டீ கொடுத்தார். எடிட் செய்ய நேரமில்லாததால், ஷபீனா இரண்டாவது கேமராவின் முகூர்த்தத்தை அப்படியே ஓடவிட்டாள். பட்ட பாட்டில் அதை நாங்களும் அதுவரை பார்த்திருக்கவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார்.

குறுக்கே ஒரு முதுகு வந்தது.

அன்று ஸ்டில் எடுத்தவரின் முதுகு. சட்டையில் எங்கள் ஸ்டுடியோவின் பெயரும் ஃபோன் நம்பரும், பொன்னிற எழுத்தில். கேமரா அந்த எழுத்தைக் கண்டதும் அதன் மேலேயே ஃபோகஸ் வைத்துக்கொண்டது. மிகத் துல்லியம். பிழை ஒன்றும் இல்லை. சட்டையில் அச்சடிக்கக் கொடுக்கும்போது நான்தான் சரிபார்த்தேன்.

முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை முழுவதும் மறைந்துபோனார். ஓரத்தில் பெண்ணின் முகம் மட்டும் தெரிந்தது. குனிந்தாள். நிமிர்ந்தாள். கூட்டத்தில் யாரையோ தேடினாள். மேளம் அடங்கியது.

அவர் கையில் டீ ஆறியது.

"இன்னொரு வாட்டி போடும்மா," என்றார் அவர்.

ஷபீனா போட்டாள். மூன்றாவது முறையும் கேட்டார். போட்டாள்.

"என்னத்தான் தேடுது," என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாப்ள தெரியல. பரவால்ல, அவர தெனம் பாக்கப் போறது அதுதான. பாப்பா மொகம் தெரியுது. எனக்கு அது போதும்பா."

எழுந்தவர் திரையை மறுபடி ஒருமுறை பார்த்தார். "ஃபோன் நம்பர்கூட நல்லாத் தெரியுது. யாரு தம்பி அது?"

கருணா அன்றும் அதே சட்டையில்தான் இருந்தார். மாகறல்காரரை வாசல் வரை வந்து வழியனுப்பினார். மரியாதையாக, கைகூப்பி, முதுகைத் திருப்பாமல், பின்பக்கமாகவே நடந்து.