மறுபக்கத்தில் கோரஸ்

நாலு பேருக்கு நடுவில் இருந்துகொண்டு தனியாக வாழ்ந்தவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். தனியாக இருந்துகொண்டு நாலு பேராக வாழ்ந்தவர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். குடவாசலில் எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஊர் அதை மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. தபால்காரர் உட்பட எல்லோருக்கும் அவர் ‘கோரஸ்’.

எங்கள் இருவரையும் சேர்த்துவைத்ததே ஒரு மொட்டைக் கடுதாசிதான். நான் அப்போது தாலுகா ஆபீசில் ரேஷன் கார்டுகளைப் பார்க்கும் பிரிவில் கடைசி நாற்காலிக்காரன். செத்துப்போன மாமனார், இன்னும் பிறக்காத பிள்ளை என்று கார்டில் ஆளைக் கூட்டிப் போடுகிறவர்களைத்தான் எங்கள் ஆபீஸ் பார்த்திருந்தது. ‘இந்த ஆளின் கார்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது, வீட்டுக்குள் நாலு ஆம்பிளைகள் இருக்கிறார்கள்’ என்று வந்த புகாரைப் படித்ததும் தாசில்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கூலித் தகராறு, குத்தகைத் தகராறு, வயலில் கொடி, வரப்பில் போலீஸ் என்று இருந்த காலம். ஆளைக் குறைத்துக் காட்டுகிறவன் ஏதோ பெரிய காரியத்துக்குத்தான் குறைக்கிறான் என்று முடிவுகட்டி, போய்ப் பார்த்து வரச் சொன்னார். உயிருக்கு ஆபத்தான வேலை என்றால் கடைசி நாற்காலிக்காரன்தானே போக வேண்டும்?

வாசலில் நின்று கேட்டேன். புகார் உண்மைதான். கட்டைக் குரல் ஒன்று, மூக்கால் பாடும் குரல் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஒன்று. ஆர்மோனியம் வாசிப்பவரோடு நாலு பேர். கதவைத் தட்டினேன். கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒல்லியாக ஒருவர் திறந்தார்.

“மத்தவங்க எங்க?”

“எந்த மத்தவங்க?”

“உள்ள பாடுனாங்களே, அவங்க.”

“அது நான்தாங்க.”

“கட்டையா பாடுனது?”

“நான்தான்.”

“மூக்கால பாடுனது?”

“அதுவும் நான்தான். ஆர்மோனியமும் நான்தான். உக்காருங்க சார், யாரு வேணும் உங்களுக்கு?”

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பத்தாயத்தைத் திறந்து பார்த்தேன். அரசாங்கக் கடமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? பத்தாயத்தில் நெல்கூட இல்லை. பிறகுதான் அவர் மேசைமேல் இருந்ததைக் காட்டினார். தாம்பாளம் அகலத்துக்கு ஒரு டேப் ரெக்கார்டர், உடம்பெல்லாம் திருகு. உள்ளே ஓடியது சாதாரண கேசட்தான். ஆனால் அந்த மிஷின் ஒரே நாடாவில் நாலு தடம் போடும். முதல் தடத்தில் ஒரு குரலைப் பதிய வேண்டும். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இரண்டாவது தடத்தில் இன்னொன்று. இப்படி நாலு வரைக்கும். கடைசியில் நாலையும் ஒன்றாக ஓடவிட்டால் ஒற்றை ஆள் ஒரு கோஷ்டி.

கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த மிஷின் அது. இருப்பதிலேயே அதிகத் திருகு உள்ளது வேண்டும் என்று கடையில் கேட்டு வாங்கியிருக்கிறார். ஊருக்கு வந்து பிரித்தால் ரேடியோ இல்லை, ஸ்பீக்கர் இல்லை. மனிதர் வெறுத்துப்போய், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொடுத்த கோரஸிடம் கூலிக்குப் பதிலாக அதைத் தள்ளிவிட்டார். கோரஸ் ஒரு பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி அதில் இணைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கோரஸ் அதற்கு அடிமை. அதன் ரப்பர் பெல்ட் வெயில் காலத்தில் தாராக உருகிச் சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும். சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போட்டார். பாட்டு குதித்துக் குதித்து வந்தது. பிறகு தன் குக்கர் கேஸ்கட்டைப் பிளேடால் நூல் மாதிரி சீவிப் போட்டார். பாட்டு அருமையாக வந்தது, சோறுதான் வேகவில்லை. ஒரு வெயில் காலம் முழுக்க நறுக்கரிசிச் சோறு தின்றுகொண்டு, சுருதி சுத்தமாக இருக்கிறது என்று என்னிடம் பெருமைப்பட்டார்.

இதைவிடப் பெரிய பகை கரண்ட். வயலுக்குத் தண்ணீர் இறைக்க ஊர் மோட்டாரெல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் படுத்துவிடும். மிஷின் இழுவையாக ஓடும். கோரஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாகக் கிளம்பிவிடுவார்.

“அண்ணே, ஒரு பத்து நிமிசம் மோட்டார நிறுத்துங்கண்ணே. சரணம் எடுக்கணும்.”

“பயிரு காயிது, ஒனக்குச் சரணமாய்யா?”

“நாளைக்குக் காயில் எரிஞ்சா யாருகிட்ட வருவீங்க?”

மோட்டார் நின்றுவிடும். குறுவைப் பயிர் தாகத்தோடு காத்திருக்க, இங்கே சரணம் பதிவாகும். சோழ நாட்டில் எந்த ராஜாவுக்கும் இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

ஒரு முறை மட்டும் மரியாதை கெட்டது. ஆளுங்கட்சிப் பொதுக்கூட்டத்துக்கு வரவேற்புப் பாட்டு கேட்டிருந்தார்கள். கோரஸ் நாலு தடத்திலும் பாடி முடித்து, அதைச் சாதாரண கேசட்டில் ஒன்றாகச் சேர்த்துப் பதிவதற்குள் கட்சிக்காரர் ஒருவர் அவசரப்பட்டு மிஷினில் இருந்த கேசட்டையே உருவிக்கொண்டு போய்விட்டார். சாதாரண டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்துக்கு இரண்டு தடம்தான் கேட்கும். கோரஸின் மிஷினோ நாலையும் ஒரே திசையில் பதிந்துவிடும். அதனால் முதல் பக்கத்தைப் போட்டால் முதல் இரண்டு தடங்கள் மட்டும் ஒழுங்காக வரும். திருப்பிப் போட்டால் மீதி இரண்டும் கடைசியிலிருந்து முதலுக்கு, தலைகீழாக ஓடும். மைக் செட்காரர் திருப்பித்தான் போட்டார். தலைவர் மேடை ஏறும்போது ஒலிபெருக்கி எட்டு ஊருக்குக் கேட்கும்படி பேய்ப் பாஷையில் அலறியது. தலைவர் கும்பிட்ட கையை இறக்காமலே, “இது என்னய்யா, இந்தியா?” என்று கேட்டாராம். இந்தி எதிர்ப்பில் சிறைக்குப் போன கட்சிக்காரர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! கோரஸ் இரண்டு நாள் திருக்கடையூரில் போய்த் தலைமறைவாக இருந்துவிட்டு வந்தார். அதன்பிறகு மிஷினில் பதிந்த மூல கேசட்டை அவர் வாசல்படி தாண்ட விட்டதில்லை.

பழகப் பழக ஒன்று கவனித்தேன். எந்தப் பாட்டாக இருந்தாலும் அதே கட்டைக் குரல், அதே மூக்குக் குரல்தான். யாருடைய குரல் அதெல்லாம் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“கட்டைக் குரலு எங்க பெரியண்ணன். மூக்கு, சின்னண்ணன்” என்றார். “மூணு பேருந்தான் பாடுவோம். பொங்கல் போட்டியில சில்வர் குடம் வாங்குனோம். பெரியண்ணன் எடுப்பாரு, சின்னண்ணன் தொடுப்பாரு, நான் முடிப்பேன்.”

மீதிக் கதை எனக்குத் தாலுகா ஆபீசிலேயே கிடைத்தது. அப்பா இறந்ததும் குத்தகைப் பதிவில் பெரியண்ணன் தன் பெயரை மட்டும் ஏற்றிக்கொண்டார். ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர், சொன்னால் நடக்கும். சின்னண்ணன் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து, அறுவடையன்று அண்ணன் வயலிலேயே கொடியை நட்டு அரிவாளை நிறுத்தினார். தாவா கோர்ட்டுக்குப் போனது. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர் கல்யாணமாகாத கோரஸ். பொங்கலன்று ஒரு அண்ணன் வீட்டில் சாப்பிட்டால் இன்னொரு அண்ணனுக்குக் கோபம். அதனால் இரண்டு வீட்டிலும் சாப்பிடாமல், கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று பேர் குரலிலும் பாடிக்கொண்டிருப்பார். அவருடைய கோமாளித்தனத்துக்கெல்லாம் சிரித்த எனக்கு இதற்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷம் பெரியண்ணனுக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர் தடுத்துவிட்டார். கோரஸுக்கு மட்டும் தெரியும், அவர் மூலம் எனக்கும். கோரஸ் நாலு நாள் காயில் கட்டவில்லை. ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“சார், ஒருத்தர ஒருத்தர் பாக்காமலே ரெண்டு பேரையும் சேந்து பாட வச்சா என்ன? இந்த மிஷினு எதுக்கு இருக்கு?”

பெரியண்ணன் சுலபமாக வந்துவிட்டார். “அவன் பக்கத்துல நின்னு பாட மாட்டேன், சொல்லிட்டேன்.”

“நிக்க வேணாம்ண்ணே. நீங்க பாடிட்டுப் போயிருங்க. மத்தத மிஷினு பாத்துக்கும்.”

குடம் வாங்கித் தந்த அந்தப் பழைய பாட்டை அவர் பாடினார். ஆற்றில் தண்ணீர் வந்ததைப் பற்றி அவரே கட்டிய பாட்டு. ‘வாய்க்காலில் தண்ணி வந்தா வாசல் வரை வாசம் வரும்’ என்று தொடங்கும். வரிக்கு வரி மூச்சு வாங்கியது. முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

சின்னண்ணனை அழைத்துவர ஒரு வாரம் ஆனது. ஹெட்போனை மாட்டியதும் முதல் வரியிலேயே பிடுங்கி எறியப் போனார்.

“அவன் குரல என் காதுல விடுறியாடா?”

“அய்யோ, அது நான்ண்ணே! பெரியண்ணன் மாதிரி நான் பாடி வச்சிருக்கேன். எனக்குத் தெரியாத குரலா?”

ஊரறிந்த வித்தைதானே, நம்பிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகம் இளகிக்கொண்டே வந்தது. திடீரென்று கண்ணைத் திறந்தார்.

“அச்சு அசலா பண்றடா. ஆனா எதுக்கு இப்பிடி இழுப்பு வந்தவன் மாதிரி மூச்சு வாங்குற? அவன் பாடுனா ஆத்துக்கு அந்தாண்ட கேக்குமேடா.”

கோரஸ் தரையைப் பார்த்தார். நான் பத்தாயத்தைப் பார்த்தேன்.

“டேய், இது நீதானே?”

சின்னண்ணன் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “முதல்லேருந்து போடு” என்றார். பாடினார். அண்ணன் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் அவரும் நின்று, காத்திருந்து, சேர்ந்துகொண்டார். முடிந்ததும் நேராகத் தெருவில் இறங்கினார். கோரஸ் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னண்ணன் தன் வீட்டைத் தாண்டி எதிர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். கோரஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அன்றைக்கே மூன்றாவது தடத்தில் ஆர்மோனியத்தோடு தன் குரலைப் பதிந்தார். நாலாவது தடத்துக்கு என்னைப் பார்த்தார்.

“ஜால்ரா போடுங்க.”

“எனக்குத் தெரியாதுண்ணே.”

“தாலுகா ஆபீசுல வேலை பாத்துக்கிட்டு ஜால்ரா போடத் தெரியாதா? புடி தம்பி.”

அதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். கடைக்குட்டியாகப் பிறந்தவர், வாழ்நாளில் யாரையும் தம்பி என்று கூப்பிட வாய்ப்புக் கிடைக்காதவர். நான் போட்ட தாளத்தைக் கேட்டால் சங்கீதம் தெரிந்தவர்கள் நாடு கடத்தியிருப்பார்கள். அவர் “போதும் தம்பி, அருமை” என்றார்.

நாலையும் சேர்த்து வேறு கேசட்டில் எடுப்பதற்குள் மிஷின் நின்றுவிட்டது. இம்முறை பெல்ட் இல்லை, உள்ளே இருந்த குட்டி மோட்டாரே எரிந்துவிட்டது. ஊரிலுள்ள மோட்டாருக்கெல்லாம் உயிர் கொடுத்த மனிதர், தலைமயிரைவிட மெல்லிய கம்பியை வைத்துக்கொண்டு அந்தச் சுண்டுவிரல் மோட்டாரிடம் தோற்றார். அதே சமயத்தில் பெரியண்ணனைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வந்து நின்றது. சின்னண்ணன் டேப் ரெக்கார்டரும் கையுமாக ஓடிவந்தார்.

“அண்ணன் அந்தப் பாட்டக் கேக்குதுடா!”

வாசல்படி தாண்டாத கேசட்டைக் கோரஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார். வண்டி போனபிறகு நான் கத்தினேன். “அண்ணே, சாதா ரெக்கார்டர்ல போட்டா உங்க குரல் வராதே! அவங்க ரெண்டு பேரு மட்டுந்தானே கேக்கும்?”

“தெரியும் தம்பி. அதுக்குத்தான் அவங்கள ஒண்ணு, ரெண்டுல வச்சேன். மிஷினு கெழடு. என்னைக்கு நின்னாலும் அவங்க ரெண்டு பேரும் ஒண்ணாக் கேக்கணும்ல?”

பெரியண்ணன் பிழைத்துத் திரும்பினார். வழக்கை வாபஸ் வாங்கினார்கள். மாலையில் இருவரும் ஒரே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தக் கேசட்டைக் கேட்பார்கள். ஒரு தரம் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் ஏதோ பேய் ஓடுகிறது என்று விட்டுவிட்டார்கள். ஒருநாள் நானும் கோரஸும் அந்த வழியாகப் போனோம்.

“ஏன்டா,” என்று கூப்பிட்டார் பெரியண்ணன், “இவ்வளவு செஞ்சியே, நீயும் ஒரு வரி பாடியிருக்கலாம்ல?”

“தொண்ட கட்டியிருந்துச்சுண்ணே” என்றார் கோரஸ்.

மிஷின் மறுபடி ஓடவே இல்லை. அந்த வீட்டிலிருந்து நாலு குரல் கேட்பதும் நின்றுபோனது. எனக்கு மயிலாடுதுறைக்கு மாற்றல் வந்தபோது பஸ் ஏற்றிவிட வந்து, “தம்பி, சாப்புட்டு நேரத்துக்குத் தூங்கு” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அந்தக் கேசட் இன்றைக்கு யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ தெரியாது. எங்கே கிடந்தாலும் அதன் மறுபக்கத்தில் அவர் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் பாடிக்கொண்டுதான் இருப்பார். தனியாக இல்லை. பக்கத்தில் தாளம் தப்பிய ஜால்ராவோடு அவருடைய தம்பி இருக்கிறான்.