சமத்துக் குழந்தைக்குப் பத்துக்குப் பத்து

குழந்தை நலத் துறை அலுவலகத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு உத்தரவுகள் வந்தன. வாரத்துக்கு ஒன்று வந்தாலே அந்த அலுவலகத்துக்கு மூச்சு வாங்கும். இரண்டு வந்ததும் தலைமை எழுத்தர் தலைவலி என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

முதல் உத்தரவு, வீட்டில் துன்புறுத்தப்படுகிற, கேட்பாரற்று விடப்பட்ட குழந்தைகளை அடையாளம் காணச் சொன்னது. அதற்கான பத்து அறிகுறிகளை மருத்துவர்கள் எழுதிக் கையோடு அனுப்பியிருந்தார்கள். இரண்டாவது உத்தரவு, ஊரிலேயே நல்ல குழந்தையைத் தேர்ந்தெடுத்து 'சமத்துக் குழந்தை விருது' வழங்கச் சொன்னது. இதற்கான பத்துத் தகுதிகளை அலுவலகமே வகுத்துக்கொள்ளலாம் என்று மேலிடம் பெருந்தன்மையாக விட்டிருந்தது. இயக்குநரும், தலைவலி தீர்ந்து திரும்பிய தலைமை எழுத்தரும், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் யோசித்தார்கள். இருவரும் ஒருகாலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள்தான். ஆனால் அதற்கான ஆவணம் எதுவும் அலுவலகத்தில் இல்லை.

இரண்டு பட்டியலையும் அடித்துக் கொடுக்கவேண்டிய வேலை டைப்பிஸ்ட் அம்மாவுக்கு. மருத்துவர்கள் பட்டியலை நீலத் தாளிலும் விருதுப் பட்டியலை மஞ்சள் தாளிலும் அடிக்கச் சொன்னார்கள். நீலத்தை முடித்துவிட்டு மஞ்சளைத் தொடங்கியவருக்கு, அடித்ததையே திரும்ப அடிக்கிறோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

'பெரியவர்கள் கையை உயர்த்தினால் ஒடுங்கிப்போகும்' என்றது நீலம். 'பெரியவர்கள் கையை உயர்த்தினாலே அடங்கிவிடும்' என்றது மஞ்சள். 'தனக்கு வேண்டியதைக் கேட்கப் பயப்படும்' என்றது நீலம். 'அது வேணும் இது வேணும் என்று நச்சரிக்காது' என்றது மஞ்சள். 'அழவேண்டிய நேரத்திலும் அழாது' என்பது மஞ்சளில் 'எதற்கும் அழாது' என்று சுருங்கியிருந்தது. 'வயதுக்கு மீறிய பொறுப்புடன் நடந்துகொள்ளும்' என்பது இரண்டிலும் எழுத்து மாறாமல் இருந்தது. அதை அவர் அடிக்கக்கூட இல்லை, நீலத்தின் நகலிலிருந்து வெட்டி மஞ்சளில் ஒட்டிவிட்டார்.

"சார், ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று தலைமை எழுத்தரிடம் போய்ச் சொன்னார்.

"எப்படிம்மா ஒண்ணா இருக்கும்? அது நீலம், இது மஞ்சள். குழப்பம் வரக்கூடாதுன்னுதானே கலரை மாத்தினோம்."

நீலத் தாளுக்கு ஊரிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. ஆகவே 'எமது எல்லைக்குட்பட்ட பகுதியில் துன்புறும் குழந்தைகள் எவரும் இலர்' என்று இயக்குநர் மேலிடத்துக்கு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டார். மஞ்சள் தாளுக்கோ முந்நூற்றுப் பதினோரு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன.

ஊருக்கே சமத்துப் பித்து பிடித்துக்கொண்டது. தெருவுக்குத் தெரு சமத்துப் பயிற்சி வகுப்புகள் திறந்தார்கள். அங்கே குழந்தைகள் ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அடுத்த நிலைக்குப் போகலாம். பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் ஒருவரையொருவர் அளந்தார்கள். "எங்க வீட்டுல குழந்தை இருக்கிற சத்தமே கேக்காது" என்று ஒருத்தி சொன்னால், "எங்க வீட்டுல குழந்தை இருக்கிறதே எனக்கு சில சமயம் மறந்துபோகும்" என்று அடுத்தவள் ஒரு படி மேலே போவாள். சத்தம் போட்டு விளையாடுகிற பிள்ளையைப் பெற்றவர்கள் வேறு வழியாக வீட்டுக்குப் போனார்கள்.

நாற்பது குழந்தைகள் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டதால் நேர்காணல் வைக்கவேண்டி வந்தது. அதில்தான் டைப்பிஸ்ட் அம்மா அந்தச் சிறுமியைப் பார்த்தார். ஏழு வயது இருக்கும். மின்விசிறி சுற்றியும் எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டிய அந்த மதியத்தில் மணிக்கட்டு வரை கைவைத்த சட்டை போட்டிருந்தாள். நாற்காலிக் கடைக்காரரின் ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை.

இயக்குநர் ஒரு பிஸ்கட்டை நீட்டினார். அவள் முதலில் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகு வாங்கினாள். பாதியைக் கண் மூடித் திறப்பதற்குள் விழுங்கினாள். மீதியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டாள்.

"ஏம்மா அதை அங்க வச்சே?"

"அப்புறம் பசிச்சா வேணும்."

"சிக்கனம்" என்று இயக்குநர் நெகிழ்ந்துபோனார். தலைமை எழுத்தர் அலமாரி மேலிருந்த கோப்பை எடுக்கக் கையைத் தூக்கினார். சிறுமி இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு சுருண்டாள். "பணிவைப் பாருங்க" என்றார் தலைமை எழுத்தர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

டைப்பிஸ்ட் அம்மா நேர்காணல் குறிப்பை அப்படியே விட்டுவிட்டுத் தன் மேசைக்கு வந்தார். நீலத் தாளின் அடியில் அச்சடித்திருந்த புகார் எண்ணைச் சுழற்றினார். பக்கத்து மேசையில் மணி அடித்தது. தலைமை எழுத்தர் ஓடிவந்து எடுத்தார்.

"குழந்தை நலத் துறை, வணக்கம்" என்றார், டைப்பிஸ்ட் அம்மாவை நேருக்கு நேராகப் பார்த்தபடி.

"ஒரு குழந்தையைப் பத்திப் புகார் சொல்லணும் சார்."

"தொடர்பு கொண்டதற்கு நன்றி. இதை நீங்க நேர்ல வந்துதான் சொல்லணும்."

நேரில் போனார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். "ஒரு குழந்தைக்கு ஒரு கோப்புதான்மா. இந்தக் குழந்தை மஞ்சள்ல ஏறியாச்சு. முதல் பரிசு வாங்கப்போற குழந்தை எப்படி பாதிக்கப்பட்ட குழந்தை ஆகும்? அப்படி ஆனா நாம குடுக்கிற பரிசு தப்புன்னு ஆயிடுமே. தவிர, விழாவுக்கு இருநூறு நாற்காலி அவங்கப்பாதான் தர்றார்."

"மஞ்சள்லேர்ந்து எடுக்க வழியே இல்லையா சார்?"

"இருக்கு. பொது இடத்துல அடம் பண்ணினா தகுதி போயிடும். ஆனா அந்தக் குழந்தையாவது, அடம் பண்றதாவது."

சட்டம் இருக்கிறது என்றால் அதன்படி நடக்கவேண்டியதுதானே. விழா நாளன்று டைப்பிஸ்ட் அம்மா மண்டபத்தின் பின்பக்கம் சிறுமியைத் தனியாகப் பிடித்தார். மூன்றாக மடித்த கைக்குட்டை மாதிரி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணு, எனக்காக ஒண்ணு பண்ணுவியா? மேடைக்குப் போனதும் அடம் பண்ணணும்."

"சரிங்க ஆன்ட்டி" என்றாள் சிறுமி. கொஞ்சம் யோசித்தாள். "எப்படி பண்ணணும்?"

"கீழ விழுந்து உருளணும். கையைக் காலை உதைச்சுக்கிட்டு கத்தி அழணும்."

"எவ்வளவு நேரம் அழணும்?"

டைப்பிஸ்ட் அம்மா அவள் உயரத்துக்குக் குனிந்தார். "உனக்குப் போதும்னு தோணுற வரைக்கும்" என்றார்.

"அடம் பண்ணினா அப்பா உள்ள வச்சுப் பூட்டிடுவாங்க."

"நான் உன்கூடவே இருக்கேன். இன்னிக்கு உன்னை யாரும் கூட்டிட்டுப் போக விடமாட்டேன்." இந்த வாக்குறுதியைக் கொடுக்கத் தனக்கு என்ன அதிகாரம் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை.

பேர் அறிவித்தார்கள். சிறுமி மேடையேறி எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். தரையில் தூசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாகப் படுத்தாள். சொன்னது சொன்னபடி ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் உருண்டாள். "ஊ" என்று மரியாதையாக ஒரு சத்தம் கொடுத்தாள். கூட்டம் இதையும் ஒரு வகை நமஸ்காரம் என்று நினைத்துக் கைதட்டியது.

பிறகு என்ன ஆனதென்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது "ஊ" பாதியில் உடைந்தது. அதற்குள்ளிருந்து வேறொரு அழுகை வந்தது. அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. ஏழு வருஷத்து அழுகை அது. ஒலிபெருக்கி அதை எடுத்து மண்டபம் முழுக்க இறைத்தது. சிறப்பு விருந்தினர் கேடயத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தானே வைத்துக்கொண்டார். டைப்பிஸ்ட் அம்மா மேடையேறி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அப்புறம் இறக்கவே இல்லை. நாற்காலிக் கடைக்காரர் கையை நீட்டினார். "மயக்கம் வர்ற மாதிரி இருக்கு, மருத்துவர்கிட்ட காட்டிட்டுத்தான் அனுப்புவேன்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் கடைக்காரர் கையை மடக்கிக்கொண்டார்.

"தகுதி ரத்து" என்றார் இயக்குநர்.

"அப்ப நீலத் தாளுக்கு மாத்திடலாமா சார்?"

"நீலத்துல நாலாவது என்னம்மா? அழவேண்டிய நேரத்திலும் அழாது. இதுதான் ஊரே கேக்க அழுதுச்சே. நீலத்துக்கும் தகுதி இல்லை." பிறகு அலுவலகத்துக்குத் திரும்பி, உத்தரவைச் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னார். "இச்சிறுமியின் விஷயத்தில் பெற்றோரின் கண்டிப்பு போதாது என்பது பொதுமக்கள் முன்னிலையில் ஐயமற நிரூபணமாகிவிட்டபடியால், விசாரணை அலுவலர் இன்றே வீட்டுக்கு நேரில் சென்று தக்க நடவடிக்கை எடுக்கவேண்டியது."

மடியில் சிறுமி தூங்கிவிட்டிருந்தாள். டைப்பிஸ்ட் அம்மா ஒரு கையால் அடித்தார். விசாரணை அலுவலரை அவருக்குத் தெரியும். உத்தரவில் இருப்பதை மட்டுமே பார்க்கும் அம்மாள் அவர். குழந்தைக்குக் கையில் கட்டு இருந்தாலும், உத்தரவில் கால் என்று இருந்தால் காலைத்தான் பார்ப்பார். கண்டிப்பு போதாது என்று போனால், பெற்றோருக்குக் கண்டிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டு வருவார். 'கண்டிப்பு' என்ற இடத்தில் டைப்பிஸ்ட் அம்மாவின் விரல் நின்றது. இரண்டு எழுத்தைத்தான் மாற்றினார். 'பெற்றோரின் கவனிப்பு போதாது' என்று ஆயிற்று. இயக்குநர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை அலுவலர் போய்ப் பார்த்தார். கவனிப்பு போதாது என்று எழுதியிருந்ததால் கவனிப்பு எவ்வளவு இருக்கிறது என்று அறை அறையாகத் தேடினார். சாமான் அறையின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. உள்ளே ஒரு போர்வையும் ஒரு வாளியும் இருந்தன. விற்காத நாற்காலிகளுக்குப் பின்னால் அரை அரை பிஸ்கட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. அந்த முழுக்கைச் சட்டையைக் கழற்றிப் பார்த்த மருத்துவர், அறிக்கை எழுத இன்னொரு தாள் கேட்டு வாங்கினார். அன்றே குழந்தையைப் பெரியம்மா வீட்டில் சேர்த்தார்கள். அப்பாவை வேறு துறை அழைத்துக்கொண்டு போனது.

ஒரு மாதம் கழித்துப் பெரியம்மா அலுவலகத்துக்கு வந்தார். "தொட்டதுக்கெல்லாம் அழறா. அது வேணும்கிறா, வாங்கிக் குடுத்தா வேணாம்கிறா. நேத்து என் கையைக் கடிச்சுட்டா. ஏதாவது கோளாறா இருக்குமா?"

"இத்தனை நாள் அடக்கி வச்சது வெளியில வருதும்மா. மருத்துவர்கிட்ட விடாம கூட்டிட்டுப் போங்க" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. கடிபட்ட கையை வாங்கிப் பார்த்தார். நல்ல ஆழமான கடி. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இயக்குநர் உத்தரவின் நகலை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தார். "என்னம்மா இது? நம்ம ஆபீஸ்ல 'கவனிப்பு'ன்னா ஊரு என்ன அர்த்தம் பண்ணிக்கும்? கடைக்காரர் என்னை சரியா கவனிக்கலைன்னு நானே கையெழுத்து போட்ட மாதிரி இல்ல இருக்கு?" ஆனால் திட்ட முடியவில்லை. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. பத்துக்குப் பத்து வாங்கிய மீதி முப்பத்தொன்பது குழந்தைகளையும் இதே நுண்ணறிவுடன் ஆராயவேண்டும் என்று அதே கடிதம் கேட்டுக்கொண்டது.

"அத்தனையும் நல்ல குடும்பத்துப் பிள்ளைங்கம்மா" என்றார் இயக்குநர். "என் பேரனே அதுல இருக்கான். அவன் இருக்கிற இடமே தெரியாது. அவங்கப்பன் பைக் சத்தம் கேட்டாலே போதும், கட்டிலுக்கு அடியில..." என்று பெருமையாகத் தொடங்கியவர், மீதியை முடிக்கவில்லை.

"தலைப்பு எதைப் போடட்டும் சார்?" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "நீலமா, மஞ்சளா?"

தலைமை எழுத்தர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "சார், நீலத் தாள் ஒண்ணே ஒண்ணுதான் கையிருப்பு. மஞ்சள்னா நாலு கட்டு இருக்கு."

"அந்த ஒண்ணும் தீந்துபோச்சு" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "அதுல என் பொண்ணோடதை அடிச்சுட்டேன். விருதுக்குப் பத்துக்குப் பத்துன்னு நானே எழுதிக் குடுத்தது. நான் வீட்டுக்குப் போக ஏழு மணி ஆகும் சார். அவளே பூட்டைத் திறந்து, அவளே எதையாவது தின்னுட்டு உக்காந்திருப்பா. ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குச் சிரமம் குடுக்காத பொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு அவர் வெள்ளைத் தாள் கட்டைப் பிரித்தார். பத்து வரிகளையும் அடித்தார். மேலே தலைப்புக்கு மட்டும் இடம் விட்டு முப்பத்தெட்டுப் பிரதி எடுத்தார். முதல் பிரதியை இயக்குநர் முன்னால் வைத்தார்.

"தலைப்பை நீங்களே கையால எழுதிடுங்க சார்."

மீதி முப்பத்தேழும் அந்தந்த வீடுகளுக்குத் தபாலில் போயிருக்கின்றன. ஏழு நாட்களுக்குள் பொருத்தமான தலைப்பை எழுதித் திருப்பி அனுப்புமாறு பெற்றோர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். இயக்குநருடையதையும் சேர்த்து, இதுவரை ஒரு தாளும் திரும்பி வரவில்லை.